‘ஹேண்ட்’ என்ற சொல்லும் ஒரு காலிப் பட்டியலும்

பெங்களூர் அல்சூரில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் இருந்தேன். ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாற்றுவது வேலை. நிரந்தரமாக்குவதற்கு முன்னால் ஒரு தேர்வு வைத்தார்கள். ‘ஹேண்ட்’, அதாவது கை. அந்தச் சொல்லை வைத்து ஆங்கிலத்தில் புழங்கும் நாற்பது தொடர்களை ஜெர்மனில் எழுத வேண்டும்.

கைதானே என்று அலட்சியமாக ஆரம்பித்தேன். ஜெர்மன்காரர்களுக்கும் கை நிறைய வேலை இருக்கிறது. ஆங்கிலம் ‘மறு கையில்’ என்று சொல்லும் இடத்தில் அவர்கள் நம்மைப் போல ‘மறுபக்கம்’ என்கிறார்கள். இரண்டே நாளில் முப்பத்தொன்பது முடிந்தது.

நாற்பதாவது, ஒரு கம்பெனி தன் ஊழியரைக் கைகழுவிய வாக்கியம். தமிழில் யோசிக்கவே வேண்டியதில்லை. ஜெர்மனிலும் கை கழுவுவார்கள், ஆனால் ‘என் மேல் தப்பில்லை’ என்று காட்டிக்கொள்வதற்கு. இங்கே அது பொருந்துமா என்று உறுத்தியது. இருந்தும் அதையே எழுதினேன்.

உறுத்தலை எழுதுவதற்கென்றே சந்தேகப் பட்டியல் என்று ஒரு தாள் உண்டு. மொழிபெயர்ப்போடு அதுவும் ஜெர்மனியில் திருத்துபவர்களுக்குப் போகும். ஒப்பந்தக்காரர்கள் நாங்கள் அதைக் காலியாகத்தான் அனுப்புவோம். வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்டவனைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவர்கள் வேறென்ன செய்வோம்?

எங்கள் டீம் லீடர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. அனுப்புவதற்கு முன் கேட்டார்: “டவுட் இருந்தா ஷீட்ல போட்டுடுங்க. ஏதாவது இருக்கா?”

“ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் கிளியர்.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

பத்து நாள் கழித்துக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

“கடைசி ஒண்ணுதான் தப்பாம். அது பரவால்ல. ஆனா நாப்பதுல ஒரு டவுட்கூட வரலன்னா இவர் யோசிக்கவே இல்லன்னு எழுதியிருக்காங்க. கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. சாரி.”

அவமானமாக இருந்தது. அதைவிட எரிச்சல், நான் யோசித்தது எனக்கு மட்டுமே தெரியும் என்பதுதான். அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். இன்னொரு முறை தேர்வு எழுத விடுவார்களா என்று கேட்க நினைத்தேன்.

நான் எழாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “ஏதாவது கேக்கணுமா?” என்றார்.

“ஒண்ணும் இல்ல மேடம்” என்றேன்.