தங்கை வீட்டுத் தெருமுனை

பாண்டிச்சேரியில் என் தங்கை குடியிருக்கும் வீட்டுக்குள் நான் இன்னும் கால் வைத்ததில்லை. மாடியா, கீழ்த்தளமா என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்த ஊரின் பழைய தெருக்களைப் பற்றி என்னைக் கேளுங்கள். எந்தச் சுவருக்குப் புதிதாக மஞ்சள் அடித்திருக்கிறார்கள், எந்த பால்கனியில் கட்டை உளுத்துப் போயிருக்கிறது, எந்தத் திருப்பத்தில் மாடு படுத்திருக்கும், எல்லாம் சொல்வேன். மூன்று வருடமாக அவள் என்னைத் தெருவில் மட்டும்தான் சந்திக்கிறாள். நடந்துகொண்டே பேசுவோம், தெருமுனையில் பிரிவோம். அதற்குக் காரணம் என் கை.

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். பள்ளிக்கூடத்தில் அடித்திருக்கிறேன், பஸ்ஸில் அடித்திருக்கிறேன், சொந்தக் கல்யாணத்துப் பந்தியில்கூட ஒருவனை அடித்திருக்கிறேன். ஊரில் எனக்கு ரோஷக்காரன் என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

தங்கைக்குக் கடலூர் மாப்பிள்ளை நிச்சயமாகி, கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஜோடியாகப் படம் எடுத்தாக வேண்டும், அதுவும் பாண்டிச்சேரி வொயிட் டவுனில்தான் எடுத்தாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் இப்போது தாலி வாங்குவதைப் போல ஒரு கட்டாயம். திண்டிவனத்திலிருந்து விடியும் முன் காரில் கிளம்பினோம். துணைக்கு என்று என்னை அனுப்பினார்கள். நானும் பெரிய காவல்காரன் மாதிரி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆறு மணிக்கே அங்கே கூட்டம். ஒவ்வொரு மஞ்சள் சுவருக்கும் மூன்று ஜோடி வரிசையில் நின்றது. வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள் என்று சில வீட்டுக்காரர்கள் அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த அட்டைக்குக் கீழேயும் ஒரு ஜோடி நின்றது. எங்கள் போட்டோகிராபர் "ரெடி" என்று சொல்கிற ஆள் இல்லை. "பேசிக்கிட்டே நடந்து வாங்க" என்பார், நிறுத்தாமல் எடுத்துத் தள்ளுவார். அந்தத் தெருக்களையெல்லாம் அன்று அப்படித்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வாடகைக்கு எடுத்த சிவப்பு கவுனின் வாலைத் தூக்கிக்கொண்டு, தங்கைக்குப் பின்னால் போவதும் வருவதுமாக.

ஏழரை மணி இருக்கும். ஒரு காகம் மாப்பிள்ளையின் கோட்டில் எச்சமிட்டது. தங்கை சிரித்துவிட்டாள். அவள் சிரித்தால் உடம்பே குலுங்கும், நிறுத்தவும் தெரியாது. "சூப்பர், அப்படியே சிரிங்க" என்றார் போட்டோகிராபர். "சிரிக்காத" என்றான் மாப்பிள்ளை. அவளால் முடியவில்லை. அவன் அவள் இடது கன்னத்தில் அறைந்தான்.

அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. கோபத்தில் எதுவும் நினைவில்லை என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கவுனின் வாலைக் கீழே போட்டேன். நாலே எட்டில் போய் அவன் கோட்டுக் காலரைப் பிடித்து, தலையைச் சுவரில் மோதினேன். மூக்கில் குத்தினேன். முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது. மஞ்சள் சுவரில் ரத்தம் தெறித்தது.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. என் கட்டைவிரலைக் கடித்தான். நான் கையை உதறுவதற்குள், வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கி என் காதில் அடித்தான். காது மடல் கிழிந்தது, கழுத்தெல்லாம் மண்ணும் ரத்தமும். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு தெருவில் விழுந்தோம். நான் மேலே வந்துவிட்டேன். அவன் இரண்டு கைகளையும் முழங்காலால் அழுத்திக்கொண்டு வாயிலேயே குத்தினேன். ஒரு பல் என் விரல் முட்டியில் குத்தி உடைந்தது.

"போதும் மச்சான், போதும்" என்றான். நிறுத்த வேண்டும் என்று எனக்கும் தெரிந்தது. மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சுகமாக இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர் வந்தார். "மோன் தியே" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு நெஞ்சில் கை வைத்தவர், உடனே தமிழுக்கு வந்துவிட்டார். "போலீசக் கூப்புடறேன். சாவறதுன்னா என் வாசல்ல சாவாதீங்க." வரிசையில் நின்ற ஜோடிகள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

தங்கை பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுண்ணா. செத்துடப் போறாரு."

"சும்மா இருடி" என்று திரும்பியவன், கையை வீசினேன். பார்த்துத்தான் வீசினேன். அவளுடைய வலது கன்னத்தில் விழுந்தது. அவள் தடுமாறிக் கீழே விழுந்து, முழங்கை தோல் உரிந்தது. தெரு கப்பென்று அடங்கிவிட்டது. எனக்குக் கீழே கிடந்தவன்கூடக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

அவள் எழுந்து கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அழவில்லை. இரண்டு கன்னத்தையும் விரலால் காட்டினாள்.

"காலைலேர்ந்து ரெண்டு அடி. அவுரு இந்தக் கன்னம், நீ இந்தக் கன்னம். உன்னுதுதான் ரொம்ப வலிக்குது. பழகின கை ஆச்சே."

நான் அவன் மேலிருந்து எழுந்தேன்.

"எனக்கு இவரும் வேணாம், நீயும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, கவுனை முழங்கால்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தாள். காதில் ரத்தம் ஒழுக நானும் பின்னால் ஓடினேன். பெரிய வாய்க்காலைத் தாண்டி மிஷன் வீதிக்குப் போய்விட்டாள். கடைகள் திறக்கிற நேரம், எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அங்கே நின்று திரும்பினாள். "இன்னும் ஒரு அடி வந்தேன்னா, சத்தம் போட்டு ஆளக் கூட்டுவேன்." நான் நின்றுவிட்டேன். அவளோடு காலேஜில் படித்தவள் ஒருத்தி முத்தியால்பேட்டையில் இருந்தாள். அங்கே போய்விட்டாள் என்று மறுநாள்தான் தெரிந்தது.

கல்யாணம் நின்றது. எனக்குக் காதில் ஐந்து தையல். மாப்பிள்ளை வீட்டார் மானத்துக்குப் பயந்து கேஸ் கொடுக்கவில்லை. ஊரில் நான் பெரிய மனிதனாகிவிட்டேன். தங்கச்சிக்காக மாப்பிள்ளை மூக்கை ஒடச்சவன் என்று டீக்கடையில் இடம் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். நானும் உட்கார்ந்தேன். அன்று செல்போனில் எடுத்தது எதுவும் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. இரண்டாவது அறையை நானும் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்கே தெரியாது. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

ஆறு மாதம் கழித்துத் தங்கையே கூப்பிட்டாள். பாண்டியிலேயே ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்து, தனியாக வீடு எடுத்திருந்தாள். "பாக்கணும்னா வா. வீட்டுக்கு வேணாம், வாய்க்கால் பாலத்துகிட்ட நில்லு. ஒரு வருசம் யாரு மேலயும் கை வைக்காம இரு. அப்புறம் வீட்டுக்கு வா, சோறு போடறேன்."

அப்படித்தான் நடக்க ஆரம்பித்தோம். பாலத்திலிருந்து கடற்கரைச் சாலை, அங்கிருந்து வைத்திக்குப்பத்துப் படகுகள் வழியாக முத்தியால்பேட்டையில் அவள் தெருமுனை வரை. எனக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் வருவாள். அடுத்த வருடம் முனையில் நின்று கேட்டாள். ஒரு கண்டக்டரை அறைந்திருந்தேன், சொன்னேன். திரும்பிப் போகச் சொல்லிவிட்டாள். அதற்கடுத்த வருடம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். விரல் முட்டியில் இருந்த புதுக் காயத்தைப் பார்த்துவிட்டாள்.

போன மாதம் போனேன். வஞ்சிரம் வாங்கி வைத்திருப்பதாக முன்பே போனில் சொல்லியிருந்தாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வழியெல்லாம் அவளும் சிரித்துப் பேசினாள். பஸ்ஸிலேயே பதிலைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன்.

"இந்த வருசம்?" என்றாள், முனையில் நின்று.

"வெளியாளு யாரையும் தொடல."

அவள் முகம் மாறியது. "வீட்ல? அண்ணியையா?"

"இல்ல. பாப்பாவ."

"எதுக்கு?"

"வாய்ப்பாடு ஒழுங்கா சொல்லல."

"எங்க அடிச்ச?"

"கன்னத்துல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பார்த்தாள்.

"அடுத்த தடவ வரும்போது அவளக் கூட்டிட்டு வா" என்றாள். "அவ வீட்டுக்குள்ள வரட்டும். நீ இங்கயே நில்லு."

என் மகளுக்கு எட்டு வயது. அத்தை கூப்பிடுகிறாள் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை. உள்ளே போனால் அவள் திரும்பி என்னிடம் வர மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது.