மரவள்ளிக் கொல்லையில் கிடைத்த ஓடு

கல்வராயன் மலையடியில் எங்கள் மரவள்ளிக் கொல்லை. நிலவியல் எம்.எஸ்சி. கடைசி வருஷ விடுமுறையில் வாய்க்காலில் கால் கழுவும்போது அந்த ஓடு கிடைத்தது. புளியங்கொட்டை அளவுதான். முழுக்கக் கல்லாகிப் போயிருந்தது. மேலே புடவைக் கொசுவம்போல் மடிப்பு மடிப்பாக வரிகள்.

முதலில் சிப்பி என்றுதான் நினைத்தேன். பிறகு லென்ஸை வைத்துப் பார்த்தேன். சிப்பிக்குப் பெரும்பாலும் இரண்டு ஓடும் ஒன்றுபோலவே இருக்கும். இதில் ஒன்று பெரிசு, மற்றது சிறிசு. பெரியது கிளிமூக்காக வளைந்து சின்னதன்மேல் கவிந்திருந்தது. பிராக்கியோபாடு! டைனோசருக்கும் முந்திய கடற்பிராணிக் குலம். அதன் உறவுக்காரர்கள் சிலர் இன்னமும் கடலடியில் பாறையைப் பிடித்துக்கொண்டு உயிரோடிருக்கிறார்கள்.

எங்கள் மலையோ பூமிக்கடியில் வெந்து இறுகிய பழம்பாறை. அதில் இதெல்லாம் கிடைக்காது என்பது பாடம். அப்படியானால் பாடம் தப்பு, நான் சரி! ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் விழித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் கொடுக்காவிட்டால் பேராசிரியர் தருவதைத்தான் செய்யவேண்டும். அன்றே 'மலையடியில் கடல்' என்று அவருக்கு மெயில் அனுப்பிவிட்டேன். மூளை இருந்தால் ஒருநாள் பொறுத்திருப்பேன்.

மூன்று நாள் தோண்டினேன். மேல்மண்ணில் இன்னும் நான்கு கிடைத்தன. ஒரு முழ ஆழத்தில் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் களையெடுத்த அம்மாவிடம், கடல் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று ஓயாமல் விளக்கினேன். அவளும் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் பேராசிரியரின் பதில் வந்தது: இடத்தைப் பார்க்க நாளைக்கே வருகிறாராம். அதைச் சொன்னதும் அம்மா களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"அவர ஏன்டி அலைய வைக்கற? இது கோழி எருவுல வர்ற கல்லு. நாமக்கல் பக்கத்துலேர்ந்து லாரில எறக்கறோமில்ல? முட்ட ஓடு கெட்டியா இருக்கணும்னு தீனில சுண்ணாம்புக்கல்ல ஒடச்சிப் போடுவாங்க. செதறனது எருவோட வந்துடும்."

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவமானத்தில் காது சுட்டது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீ எங்க கேட்ட? சொல்லிக்கினே இல்ல இருந்த!"

பேராசிரியருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் சிரித்தார். "சரி, அந்தக் கல் எந்தக் கடலிலிருந்து வந்தது?" என்றார். தெரியாது என்றேன்.

போனை வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"எரு லாரி எந்த ஊர்லம்மா லோடு ஏத்துது?"

நான்கு நாளில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.