டீபாய்த் தட்டும் சாயர்புரத்துச் சம்பந்தமும்

தட்டு விற்பது லேசு. அதில் என்ன வைப்பது என்று வாங்கினவர்களுக்குச் சொல்லி மாளாது. தூத்துக்குடியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். முன்பு சீர் வைக்கத் தட்டு வாங்குவார்கள். இப்போது டீபாய் மேல் அழகுக்கு வாங்குகிறார்கள். கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களே, உங்களிடமும் வந்திருப்பார்கள். கேளுங்கள்.

ரிமோட்

துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், டிவி ரிமோட் அடிக்கடி தொலைகிறது என்று பெரிய மரத்தட்டு வாங்கினார். "ரிமோட், ஒரு பூச்சட்டி, ஒரு மெழுகுவர்த்தி. மீதி இடம் சும்மா கிடக்கட்டும்" என்றேன். வீட்டில் இடம் சும்மா கிடக்குமா? மூக்குக்கண்ணாடி, பிரஷர் மாத்திரை, சீப்பு, கரண்ட் பில், பாதி தின்ற முறுக்கு எல்லாம் குடியேறிவிட்டன. ஒரு வாரம் கழித்து போன் செய்தார். "அண்ணாச்சி, ரிமோட் இப்ப உடனே கெடைக்கி. தட்டத்தான் காணும்."

உப்பு

மெர்சி டீச்சர் வந்தது வேறு காரியத்துக்கு. மகள் ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க சாயர்புரத்திலிருந்து வருகிறார்கள். எங்கள் பக்கம், சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். இல்லையென்றால் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். முன்பு வந்த இரண்டு வீட்டாரும் அப்படித்தான் எழுந்தார்கள். வீடு எடுப்பாக இல்லை, அதனால்தான் என்று டீச்சருக்கு எண்ணம். இந்தப் பையனைப் போட்டோவில் பார்த்தே ஸ்டெல்லாவுக்குப் பிடித்திருந்தது. ஆகவே பித்தளைத் தட்டு.

போனில் பார்த்த படத்தில் தட்டு நிறைய வெள்ளை மணல், நடுவில் மெழுகுவர்த்தி. மணலுக்குப் பதில் டீச்சர் உப்பளத்துக் கல்லுப்பைக் கொட்டிவிட்டார். வானம் மூட்டம் போட்டது. மூன்றாம் நாள் கடை வாசலில் நின்றார். "அண்ணாச்சி, மெழுகுவர்த்தி குளத்துல நிக்கி. தட்டு பச்சையாயிட்டு."

சங்கு

புளி போட்டு விளக்கிக் கொடுத்தேன். "சங்கு வையுங்க, கரையாது" என்றேன். சுத்தம் செய்த சங்கு கடையில் கிடைக்கும். டீச்சர் சிக்கனம். சங்கு குளிக்கிறவர் ஒருவரிடம் படகிலிருந்தே வாங்கி, வெளியே மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி வைத்துவிட்டார். சதை உள்ளேயே இருந்தது.

சனிக்கிழமை கூப்பிட்டார்கள், போனேன். தெருமுனையிலேயே மூக்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று. வாசலில் பூனைகள். மறுநாள் ஆராதனை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். டீச்சர் கட்டுக் கட்டாக ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா சுவரோரம் நின்று கேட்டாள். "மாமா, அவங்க என்னயப் பாக்க வாராங்களா, தட்டப் பாக்க வாராங்களா?"

மக்ரூன்

சங்கைப் புதைக்கச் சொன்னேன். தட்டு காலி. வேறு வழியில்லை. பேக்கரியில் எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் வாங்கிக் குவித்து, மேலே கண்ணாடி மூடி போட்டேன். வெள்ளை வெளேரென்று நன்றாகத்தான் இருந்தது. அழகுக்கு வைத்தது, யாரும் தொடக் கூடாது என்று டீச்சர் உத்தரவு.

வந்தார்கள். பெரிய ஆள் என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லாததால் நானும் உட்கார்ந்திருந்தேன். பையனின் அம்மா உஷார். காப்பி வந்ததும், "இருக்கட்டும். வீட்ல போயி கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்று தம்ளரைத் தள்ளி வைத்தார். டீச்சர் முகம் செத்துவிட்டது. ஸ்டெல்லா உள்ளே போய்விட்டாள்.

பையன் தட்டை அப்பா பக்கம் லேசாக நகர்த்தியதை நான் மட்டும் பார்த்தேன். அப்பா பேசுகிற ஆள் இல்லை. காலையில் வெறும் வயிறு போல. மூடியைத் தூக்கினார். ஒன்று தின்றார். இன்னொன்று எடுத்தார். வீட்டில் கடிக்கிற சத்தம் மட்டும்தான். அந்த அம்மா அவரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், தள்ளி வைத்த தம்ளரைத் திரும்ப எடுத்தார். "இவரு கை நனைச்சிட்டாரு. இனி என்னத்தக் கலந்து பேச? பிள்ளையக் கூப்பிடுங்க டீச்சர்."

அன்றிலிருந்து தட்டில் என்ன வைக்க என்று யார் கேட்டாலும், தின்கிற சாமானாக வையுங்கள், மூடியை மட்டும் இறுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறேன்.