திரையில் வராத பேருந்து

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் தொழிற்சாலைப் பேருந்துகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு பேருந்தும் தான் இருக்கும் இடத்தை நொடிக்கு நொடி அனுப்பிக்கொண்டே இருக்கும். அத்தனையையும் கண்ணால் பார்த்து முடிக்க முடியாது. அதனால், வழியில் நின்றுவிட்டவற்றை மட்டும் காட்டும்படி கணினியிடம் கேட்டு வைத்திருப்பேன்.

அன்று மதியம் அப்படி எதுவும் வரவில்லை. காலையிலிருந்து திரையைப் பார்த்துக் கண்கள் எரிந்தன. ஓட்டுநர் ஒருவரின் மனைவி அழைத்தார்.

"தங்கச்சி, அவரு போன் எடுக்கல. பஸ் எங்கன்னு பாருங்களேன்."

"எல்லா பஸ்ஸும் ஓடுது அக்கா. பிராப்ளம் இல்ல லா."

மறுபடி அழைத்தார். அலுப்போடு அதையே சொன்னேன். அடுத்த முறை அவர் குரல் உடைந்திருந்தது.

"எல்லா பஸ்ஸும் வேணாம்மா. அவரு பஸ்ஸ மட்டும் பாருங்க."

அந்தப் பேருந்தின் எண்ணைத் தேடினேன். வெகுநேரமாக அதிலிருந்து தகவலே இல்லை. இன்ஜினை நிறுத்தியதும் இடத்தைத் தெரிவிக்கும் கருவியும் அணைந்துவிட்டது. நின்றுவிட்டதாகச் சொல்லக்கூட அதனால் முடியவில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்துக்கு ஆளனுப்பினேன். தொழிலாளர்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், சாலையோரம் பேருந்தை நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து கிடந்தார்.

பிழைத்துக்கொண்டார்.

அவர் மனைவி அலுவலகத்துக்கே வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தேடலன்னா அவரு இல்ல தங்கச்சி."

முதல் அழைப்பிலேயே தேடியிருக்கலாம் என்பதைச் சொல்லாமல், அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

இப்போதெல்லாம் தகவல் அனுப்பாத பேருந்துகளைத்தான் முதலில் தேடுகிறேன். பெரும்பாலும் சிக்னல் கோளாறுதான். ஆனாலும், ஓட்டுநரை அழைத்து அவர் குரலைக் கேட்ட பிறகே மனம் அடங்குகிறது.