சவப்பெட்டிக் கடை மாடியில் கிடைத்த அறை

என் மகன் சாமுவேலை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் எங்கே பிறந்தான் என்பதை நான் இதுவரை சபையில் சொன்னதில்லை. ஆண்டவர் செய்ததை மறைத்து வைக்க மனம் ஒப்பாமல் இன்று எழுந்து நிற்கிறேன்.

1931. மலாயாவில் ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த வருடம். லாபிஸ் பக்கம் நாங்கள் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தில் பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். எனக்கு மாதம் நெருங்கியிருந்தது. முதல் பிள்ளை தோட்டத்து லயத்து வீட்டிலேயே இறந்து பிறந்தது. இன்னொன்றைக் கடலில் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை. அந்தச் சமயத்தில் என் கணவர் ஆசீர்வாதத்துக்கு ஜொகூர் பாருவில் மரம் அறுக்கும் மில்லில் வேலை கிடைத்தது. அவர் முன்னால் போய் மில்லுக்கு அடுத்த தெருவில் ஒரு மாடி அறையைப் பேசி முடித்தார். பிறகு வந்து என்னை ரயிலில் கூட்டிப்போனார்.

வீட்டுக்காரர் நம் ஆள்தான். என் வயிற்றைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினார்.

“புள்ளத்தாச்சின்னு சொல்லவே இல்லையே. வாடகைக்கு வந்தவங்க பிரசவமானா வீட்டுக்கு ஆகாது. வேற எடம் பாருங்க.”

அந்தத் தெரு முழுக்க ஏறி இறங்கினோம். தமிழர் வீட்டில் தீட்டு என்றார்கள். சீனர் வீட்டில் அதிர்ஷ்டம் போய்விடும் என்றார்கள். இடம் தர மனமிருந்த ஒரு குடும்பத்தாருக்குத் தாங்களே படுக்க இடமில்லை. மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் இப்போது, பிரசவத்துக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்காத மரியாளை நினைப்பீர்கள். எனக்கு அன்று மரியாள் நினைவு வரவில்லை. வீங்கிப்போன என் கால்தான் நினைவில் இருந்தது. கடை வரிசையின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் மூட்டையைப் போட்டு உட்கார்ந்தேன். “ஆண்டவரே, என்னால் இனி நடக்க முடியாது. இங்கேயே ஏதாவது செய்யும்” என்றேன். கண்ணை மூடக்கூட இல்லை. அதுதான் என் ஜெபம்.

பின்னால் ஆணி அடிக்கும் சத்தம் நின்றது. ஒரு சீன அம்மாள் வெந்நீர்க் குவளையோடு வந்து என் கையில் கொடுத்தார். பிற்பாடு நான் அவரைச் சீன முறையில் ஆ சிம், அதாவது சித்தி, என்று கூப்பிட்டேன். பாசார் மலாய் என்கிற கடைத்தெரு மலாயில்தான் பேசிக்கொண்டோம்.

“ரூம் தேடுறியா? மேல ஒண்ணு இருக்கு. ரொம்ப நாளா காலி. கீழ பாத்துட்டு யாரும் ஏற மாட்டாங்க.”

திரும்பிப் பார்த்தேன். அது சவப்பெட்டிக் கடை. பெரிய பெட்டிகளுக்கு நடுவே கைக்குழந்தை அளவுக்கு ஒன்று இருந்தது. வீடு கேட்டால் இதையா காட்டுகிறீர் என்று உள்ளுக்குள் ஆண்டவரோடு சண்டை போட்டேன்.

“வேணாம்னா சொல்லு, ஞானம். ஸ்டேஷனுக்கே போயிடலாம்” என்றார் என் கணவர்.

நான் அந்த அம்மாளிடம் கேட்டேன். “எனக்கு இங்கதான் பிரசவமாகும். ஒங்களுக்குப் பரவாயில்லையா?”

“இந்தக் கடைக்கு சாவு வீட்டுக்காரங்கதான் வருவாங்க. ஒரு தடவ புள்ள பொறக்கட்டுமே” என்றார்.

என் பயம் போகவில்லை. பயத்தோடேதான் படி ஏறினேன். மறுநாள் இறங்கி வந்தபோது அந்தச் சின்னப் பெட்டி முன்னால் இல்லை. ஆ சிம்மின் கணவர் அதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சாக்கால் மூடியிருந்தார். அவர் என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

வலி ஒரு காலைப் பொழுதில் கண்டது. என் கணவர் மில்லில் இருந்தார். ஆ சிம்மே ஓடிப்போய் ஒரு மலாய் மருத்துவச்சியை அழைத்து வந்தார். கீழே சுத்தியல் சத்தம் அப்போதே நின்றுவிட்டது. பிள்ளை பிறந்தும் அழவில்லை. எனக்கு லயத்து நினைவு வந்து, ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை. மருத்துவச்சி அவனைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். மறுபடியும் தட்டினார். வீல் என்று கத்தினான்.

படிக்கட்டின் அடியிலிருந்து, பெட்டி செய்கிற ஆ சிம்மின் கணவர் குரல் கேட்டது. “ஹீடுப்?” உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறார்.

“ஹீடுப்” என்று நானே பதில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

அந்த மாடியில் மூன்று வருடம் இருந்தோம். சாமுவேல் மரச் சுருளில் விளையாடித்தான் வளர்ந்தான். இப்போது எங்களுக்கு வேறு வீடு, கூடுதலாக ஓர் அறை. பிரசவத்துக்கு இடமில்லாமல் வரும் பெண்களுக்காக அதைக் காலியாக வைத்திருக்கிறோம். எந்த ஜாதி, எந்த மதம் என்று கேட்பதில்லை. இதுவரை அங்கே நாலு பிள்ளைகள் பிறந்திருக்கின்றன.

சகோதர சகோதரிகளே, இன்று உங்களில் யாருக்காவது போக்கிடம் தெரியாமல் இருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். அவர் காட்டும் வாசல் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், பயமாகவும் இருக்கலாம். பயத்தோடேயே ஏறிப் போங்கள். உள்ளே அவர் இருப்பார். என்னைத் தெருவில் விட்டுவிடாத அந்தத் தேவனுக்கு, நான் உயிரோடிருக்கும் நாளெல்லாம் நன்றி.