ஏசி போட்டு வைத்திருந்த கார்

என் வீட்டுக்காரருக்கு வேகமான கார் என்றால் பைத்தியம். காட்டுப்பாக்கத்தில் பழைய டர்போ செடான் ஒன்று விற்பனைக்கு வந்தது. அந்த மாடலில் எஞ்சினுக்குள் இருக்கும் செயின் தளர்ந்துபோகும், காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும் என்று எங்களுக்கும் தெரியும்.

தெரிந்து என்ன? ராகுகாலம் முடிந்ததும் வருகிறோம் என்று போன் செய்துவிட்டுத்தான் போனோம். விற்றவர் கார் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

"வெயில்ல வந்துகீறீங்க அண்ணி, உங்களுக்காகவே ஏசி போட்டு வெச்சிகீறேன். ஏறுங்க."

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. எஞ்சின் ஓடுவதே கேட்கவில்லை. என்ன மரியாதை என்று நான் பூரித்துப்போனேன். அன்றே பணத்தைக் கொடுத்துக் காரை வாங்கி வந்துவிட்டோம்.

மறுநாள் காலை, அயனம்பாக்கத்தில் எங்கள் வாசலில் சாவியைத் திருகியதும் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல் சத்தம். எஞ்சின் சூடாக இருந்தால் அது கேட்காதாம். ஏசி எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. சீ!

காரைப் பார்க்க வந்த மெக்கானிக் சிரித்தார். "விக்கும்போது நீங்களும் ஏசி போட்டு வெச்சிடுங்க மேடம்."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். விற்றவனைவிட அந்தத் தலையாட்டல்தான் எனக்குக் குமட்டியது.

இப்போது பழைய வண்டி எதைப் பார்க்கப் போனாலும் சொல்லாமல் போய், முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். எங்கள் காரைக் கேட்டு வருகிறவர்களிடமும், "தொட்டுப் பாருங்க, சூடே இல்ல. இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சாவியை நானே நீட்டுகிறேன்.

கார் இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. நிற்கட்டும்.