சஹனிலிருந்து பிரித்த பிள்ளை

ராயபுரத்தில் எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு சஹனில்தான். அந்தப் பெரிய தட்டைச் சுற்றி மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி நஸ்ரின், அவளுடைய நன்னாவான நான் என நால்வரும் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். நஸ்ரினுக்கு எடை அதிகம், இரவில் ஒரு கப் சோறுதான் என்று கிளினிக்கில் சொன்னார்கள். சஹனில் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று எப்படிக் கணக்கெடுப்பது? கவலைப்பட்டு, அவளுக்கு மட்டும் தனித்தட்டில் அளந்து வைத்தேன்.

அவள் தொடாமலே படுத்துவிட்டாள். மறுநாள் இரவும் அப்படியே. அதற்கடுத்த காலை, ஒன்றும் சாப்பிடாமல் போனவள் பள்ளியில் மயங்கி விழுந்தாள். பள்ளிக்கு ஓடினேன். கண் திறந்ததும், "நான் இன்னா தப்பு பண்ணேன் நன்னா? என்னிய மட்டும் தனியா வெச்சிட்டீங்களே" என்றாள்.

கிளினிக்கில் உணவுமுறை சொன்ன அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க ஒரே தட்டுல சாப்புடுவீங்களான்னு நான் கேக்கவே இல்லியே பாய். கொழந்தைய பிரிக்காதீங்க, சஹனை மாத்துங்க. சோத்தைக் கொறைச்சு, மீதி எடத்துல காயும் மீனும் வைங்க. உங்களுக்குந்தான் தொப்பை கீது."

இப்போது நால்வருக்கும் சேர்த்து அரிசியை அளந்து மருமகளிடம் கொடுக்கிறேன். சாப்பிட உட்கார்ந்தபின் யார் கவளத்தையும் எண்ணுவதில்லை. எடை மெல்லத்தான் குறைகிறது. அந்தக் கவலை போகவில்லை. ஆனால் நஸ்ரின் என் முழங்கையை இடித்தபடி உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.